மென்பொருளும் செய்முறைத் தாளும்

கட்டற்ற மென்பொருள்களை நம் சிறுதொழில் செய்வோர் கைக்கொள்ள வேண்டுமெனப் பல்லாண்டுகளாகப் பலர் கூறி வருகின்றனர். நாமும் அக்கட்சியைச் சேர்ந்தவரே. ஒரு மென்பொருளின் மூல நிரலை யாவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமை பெரியதோர் உரிமை. அதனைக் குறைத்துக் கூற நாம் வரவில்லை. ஆயினும் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாது ஒருவர் கைக்கு வந்து சேருவதற்கு நடுவே ஒரு சிறு தாள் இருக்கிறது. மூல நிரலைக் களஞ்சியத்தினின்று எடுத்து, தம் கணினியிலேயே கட்டி, நிறுவி, ஓட்டுவது எங்ஙனம் என்று சொல்லும் தாள் அது. 'என்னை வாசி' என்றோ 'நிறுவுக' என்றோ பெயர் பெற்று ஒவ்வொரு களஞ்சியத்தின் வாயிலிலும் வைக்கப்பட்டிருக்கும் அத்தாளைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம். இது தலையங்கத்துக்குரிய விஷயமா என நேயர்கள் சிலர் வியக்கக்கூடும். அவர்களை ஆம்பூர்வரை நம்முடன் வருமாறு அழைக்கிறோம்.

பழைய வட ஆற்காடு ஜில்லா இன்று பல ஜில்லாக்களாகப் பிரிந்து கிடக்கிறது. 2019-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரைச் சேர்ந்தன. இராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டை ஜில்லாவாயின. பேர்ணாம்பட்டு வேலூரோடு நின்றது. ஜில்லாக்கள் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. தோலும் செருப்பும் இன்றும் அப்பகுதியின் ஜீவனம். பெருந்தொழிற்சாலைகள் ஒருபுறம் இருக்க, அவற்றுக்குச் செருப்பின் மேற்பாகம் தைத்துக் கொடுக்கும் பட்டறைகளும், பணப்பை, இடைவார் முதலியன செய்யும் சிறு கடைகளும் சந்துதோறும் உள்ளன.

இத்தகைய பட்டறை ஒன்றின் கணக்குமேசையை நினைத்துப் பாருங்கள். 2017 ஜூலை முதல் தேதியன்று சரக்கு சேவை வரி வந்தது. ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆண்டு வியாபாரமுடையோர் 2023 ஆகஸ்டு முதல் மின்னணு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டியவராயினர். கடல் கடந்த கிராக்கிகளின் நிபந்தனைகள் தனி. ஐரோப்பாவில், உடலிற் படும் தோற்பொருளில் ஆறாம் வகைக் குரோமியம் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டுமென்னும் விதி 2015 மே மாதத்தில் நடப்புக்கு வந்தது. எந்தத் தோல், எந்தத் தொகுதி, எந்த ரசாயனம், எந்த நாள் என்று கேட்டால் உடனே சொல்லியாக வேண்டும். இதற்கு நோட்டுப் புத்தகம் போதாது, மென்பொருள் வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி ஒன்றை வாங்குவது ஒரு வழி. திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டு அஞ்சி அஞ்சி வாழ்வது மற்றொரு வழி. இவ்வழி செல்வோர் தொகையை நாம் கூறாமலே நேயர்கள் அறிவர். மூன்றாவது வழியும் உண்டு. மும்பையிலே பிறந்து உலகெங்கும் வழங்கும் 'இ.ஆர்.பி. நெக்ஸ்ட்' என்பது தொழிலகங்களின் கொள்முதல், இருப்பு, உற்பத்தி, கணக்கு யாவற்றையும் ஒருங்கே ஆளும் கட்டற்ற மென்பொருள். 'குனு காத்தா' என்னும் கணக்கு மென்பொருளும் நம் நாட்டவர் ஆக்கியதே. சுதேசி என்று நாம் பெருமை பாராட்டத்தக்க பொருள்கள் இவை.

இனி அப்பட்டறைக்காரரின் மகளை நினைத்துக்கொள்வோம். பாலிடெக்னிக்கிற் படித்தவள், கணினியைக் கண்டு அஞ்சாதவள். களஞ்சியத்தைத் திறக்கிறாள். நிறுவும் தாள் கண்முன் விரிகிறது. 'முதலில் வேண்டுவன' என்ற தலைப்பின் கீழ்ப் பைத்தான், மரியாடிபி, ரெடிஸ், நோட் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. இவை ஒவ்வொன்றும் தனியே நிறுவப்பட வேண்டியவை. ஒவ்வொன்றிலும் இன்ன பதிப்புத்தான் பொருந்தும். நம் வரிமுறைக்கென உள்ள செயலியை அதன்மேல் தனியே ஏற்றவும் வேண்டும். இத்தனையும் அவசியமானவையே, பெரிய யந்திரத்துக்கு உறுப்புகள் பல. அத்தாளை எழுதியோரைக் குறை கூறுவதும் நம் நோக்கமன்று. நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் ஆயிரக்கணக்கான களஞ்சியங்களில் காணப்படும் பொதுக் குறைகளையே கூறப் புகுகிறோம்.

முதற்குறை, எழுதியவர் தம் கணினியைப் பார்த்து எழுதுவது. அவர் கணினியில் தொகுப்பி முன்பே இருக்கிறது. நூலகங்கள் என்றோ ஏற்றப்பட்டு மறந்துபோயின. ஆகவே 'கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்' என மூன்று சொற்களில் வேலை முடிந்துவிட்டதாக அவர் மெய்யாகவே நம்புகிறார். புதியவளுடைய கணினியில் முதற்சொல்லிலேயே 'இன்ன கோப்பைக் காணோம்' என்று யந்திரம் நிற்கிறது. அக்கோப்பு ஒரு நூலகத்தின் தலைப்புக் கோப்பு. நூலகம் இருந்தாலும், அதனைக்கொண்டு பிறிதொன்றைக் கட்டுவதற்குரிய பகுதி தனிப் பொதியாக இருக்கும்; டெபியன் வழியினர் அதன் பெயரீற்றில் 'டெவ்' என்பர், ஃபெடோரா வழியினர் 'டெவல்' என்பர். இந்த ஓரெழுத்து வேற்றுமையை அறியாது ஓர் இரவு முழுதும் விழித்திருந்தோர் பலர். கட்டி முடித்த பின்னும், நிறுவிய நூலகத்தைக் காணவில்லை என்று நிரல் முறையிடும். 'எல்டி கான்ஃபிக்' என்னும் ஒரு கட்டளையை இட்டால் பெரும்பாலும் தீரும். அந்த ஒரு வரி பல தாள்களில் இல்லை.

தாள் மூப்படைந்து போவது இன்னொரு குறை. நிரல் நாள்தோறும் மாறுகிறது. தாள் எழுதிய நாளிலேயே நிற்கிறது. பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி முதல் நாளோடு ஆதரவு முடிந்தது. அதனையே நிறுவச் சொல்லும் தாள்கள் அதன் பின்னரும் நெடுநாள் திருத்தப்படாது கிடந்தன. நினைவகம் குறைந்த பழைய கணினியில், எண் குறிப்பிடாது ஒரே சமயத்தில் எல்லா வேலையையும் தொடங்கும்படி 'மேக்'குக்குக் கட்டளையிட்டால் யந்திரம் மூச்சுத் திணறி நின்றுவிடும். இதனையும் எவரும் எச்சரிப்பதில்லை. எழுதியவரிடம் நல்ல கணினி இருந்தது. இவை யாவற்றினும் கொடியது 'சுலபமாக', 'வெறுமனே' என்னும் சொற்கள். சுலபம் என்று எழுதப்பட்ட இடத்தில் இடறி விழுந்தவள் தாளைக் குறை கூறாள். தன் அறிவையே குறை கூறிக்கொள்வாள். மறுநாள் திருட்டுப் பிரதி வந்து சேரும்.

செய்முறையை எழுதுவது எப்படி என்பதை ஆம்பூருக்கு அமெரிக்கர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. தோல் பதனிடுவோர் அக்கலையை அறிவர். நல்லதொரு தொழிற்சாலையில் டிரம்மின் அருகே தொங்கும் தாளைப் பாருங்கள். சுண்ணாம்பிட்டுச் சதை சீவிய தோலை நிறுத்து, அந்த எடைக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொரு பொருளும் குறிக்கப்பட்டிருக்கும். இத்தனை நிமிஷம், இத்தனை சூடு, நீரின் புளிப்பு இத்தனை. அதனினும் முக்கியம், ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு சோதனை உண்டு. உப்பும் அமிலமும் சேர்ந்த நீரில் ஓடிய தோலின் ஓரத்தை மேஸ்திரி கத்தியால் வெட்டுகிறார். வெட்டுமுகத்தில் புரோமோகிரிசால் கிரீன் என்னும் திரவத்தைச் சொட்டுகிறார். உள்ளுக்குள் முழுதும் மஞ்சளானால் அமிலம் ஊடுருவிற்று. நடுவே நீலமோ பச்சையோ தெரிந்தால் டிரம் மேலும் ஓட வேண்டும். குரோமம் ஏற்றிய பின் ஒரு துண்டைக் கொதிநீரில் இடுகிறார். சுருங்காவிடில் பதம் வந்தது. அடுத்த படிக்குப் போகலாமா என்பதை ஊகத்துக்கு விடுவதில்லை; ஒரு தொகுதித் தோல் கெட்டால் நஷ்டம் எவ்வளவென்று முதலாளிக்குத் தெரியும்.

எப்பொழுதும் இப்படி இருந்ததெனச் சொல்ல மாட்டோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில் வித்தை கையிலும் மூக்கிலும் இருந்தது. மேஸ்திரி போனால் பதமும் போயிற்று. குரோமப் பதனீடு பரவி, 1948-ல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, அளவும் சோதனையும் ஏட்டில் ஏறிய பின்னரே வேற்றூரார் ஒருவரும் அதே பதத்தைக் கொணர முடிந்தது. மென்பொருளுலகின் பெரும்பகுதி இன்னும் ஆவாரம்பட்டைக் காலத்திலேயே இருக்கிறது என்றால் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். 'இக்கட்டளைக்குப் பின் திரையில் இன்ன வரி தோன்றும். தோன்றாவிடில் இதனைப் பார்' என்று எழுதிய தாள் எத்தனை? 'மேக் செக்' என்று கட்டிய பொருளைச் சோதிக்கும் வழக்கம் பழையதே. அதனைச் செய்யச் சொல்லி, விடை எவ்வாறிருக்குமென்று காட்டுவோர் சிலர்.

இது வெறும் வசதியின்மையன்று, உரிமைப் பிரச்னை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் சட்டமே இதனை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1991-ல் வெளியான குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மூல நிரல் என்றால் என்னவென்று விளக்குமிடத்தில், தொகுப்பதையும் நிறுவுவதையும் ஆளும் கட்டளைக் கோப்புகளும் அதில் அடக்கம் என்கிறது. பின்னர் ஒரு வேடிக்கை நடந்தது. 'டிவோ' என்னும் அமெரிக்கக் கம்பெனி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டிகளை லினக்ஸ் கொண்டு ஓட்டியது. உரிமத்தின்படி மூல நிரலையும் கொடுத்தது. ஆனால் திருத்திக் கட்டிய நிரலை அப்பெட்டி ஏற்க மறுத்தது. வாசிக்கலாம், ஓட்டலாகாது! இதற்கு விடையாகவே 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பு, இல்லத்தில் வழங்கும் கருவிகளுக்கு 'நிறுவற் செய்தி'யையும் கூடவே தர வேண்டுமென விதித்தது. கம்பெனி வேண்டுமென்றே பூட்டிய கதவும், அன்பர் அசட்டையால் வழி எழுதாது விட்ட கதவும் வெளியே நிற்பவளுக்கு ஒன்றாகவே தோன்றும்.

அபாயம் வேறொன்றும் உண்டு. தாள் நீளமானால் வாசிப்போர் சலிப்பர் என்று கருதி, ஒரே வரியில் காரியத்தை முடிக்கும் வழக்கம் பரவியுள்ளது. இணையத்தினின்று ஒரு கோப்பை இறக்கி, வாசியாமலே, கணினியின் முழு அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் வரி அது. பழகிய இடத்தினின்று வந்தால் தீங்கில்லை என்பர். 2024 மார்ச்சு 29-ஆம் தேதியை நினைவூட்டுகிறோம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர் அன்று வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதேன் என்று துருவியதில் அகப்பட்டது அது. கள்ளவழியைத் தூண்டிய கட்டுமானக் கோப்பு பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டித் தந்த பொதியில் மாத்திரம் இருந்தது. களஞ்சியத்திலுள்ளதும் பொதியிலுள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்க வல்லவர் எங்கும் வேண்டும். களஞ்சியத்தினின்று தாமே கட்டத் தெரிந்தவரால்தான் அதனைப் பார்க்க இயலும். அத்தகையோர் பெருகுவதற்கு முதற்படி தெளிவான தாள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 'டெபியன், உபுண்டு முதலியவை ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஆயத்தப் பொதிகளாக வழங்குகின்றனவே. கொள்கலமாகக் கட்டி அனுப்பும் முறையும் வந்துவிட்டதே. செருப்புத் தைப்பவர் மூலத்தினின்று கட்டுவானேன்?' மெய்தான். பொதி இருக்குமிடத்தில் பொதியையே கொள்க என்பதே நம் யோசனையும். அதனை முதல் வரியிலேயே சொல்லுவது நல்ல தாளின் இலட்சணம். ஆனால் பொதியில் உள்ளது நேற்றைய பதிப்பு. ஒரு பிழை திருந்திய செய்தி இன்று களஞ்சியத்தில் இருக்கும். பட்டறையின் தேவைக்கென ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டின், தமிழெழுத்து விலைப்பட்டியலில் உடைந்து வருவதைத் திருத்த வேண்டின், மூலத்தைத் தொடாமல் முடியாது. ஒவ்வொரு வீட்டாரும் வைத்தியராக வேண்டுவதில்லை. ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

நிற்க. பாலாற்றைப் பேசாமல் இப்பகுதியைப் பற்றி எழுதுவது அழகன்று. நம் பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. பதனிடும் செய்முறைகள் நெடுங்காலம் தோலோடு முடிந்தன. டிரம்மினின்று வடிந்த நீர் எங்கே போவது என்று அவற்றில் ஒரு வரியும் இல்லை. அதன் விலையை 1996-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கணக்கெடுத்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டுமென்னும் கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியெனக் கூறியது அத்தீர்ப்பே. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஜில்லாத் தோல் ஆலைகளின் கழிவைப் பற்றி மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. ஆற்றுக்கு நேர்ந்ததையும் கணினிக்கு நேர்வதையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டோம். எனினும் பிழையின் சாயல் ஒன்று. நிறுவும் தாள்கள் ஏற்றுவதோடு நின்றுவிடுகின்றன. நீக்குவது எப்படி, எந்தக் கோப்புகள் எங்கெங்கே போடப்பட்டன, தரவை எங்ஙனம் காத்து வைப்பது என்று சொல்வதில்லை. 'மேக் அன்இன்ஸ்டால்' வேலை செய்யாத களஞ்சியங்கள் எத்தனையோ. மூன்று முறை தவறி நிறுவிய கணினியில் அரைகுறைப் பதிப்புகள் படிந்து, நான்காம் முறை சரியாகச் செய்தாலும் ஓடாத நிலையை எய்துகின்றன.

மொழியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழில் சாஸ்திரம் எழுத முடியுமா என்ற கேள்வி பழையது. 1916-லேயே சேலத்தில் இராஜாஜி முதலியோர் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டு பத்திரிகையும் நடத்தினர். கதர் இயக்கத்தாரும் ராட்டினத்தை வழங்கியதோடு அமையவில்லை. நூற்பைக் கற்பிக்க மகன்லால் காந்தி 'சர்க்கா சாஸ்திரம்' எழுதினார். நம் நாளில் 'கணியம்' என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழிற் கட்டுரைகளும் நூல்களும் வெளியிட்டு வருகிறது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கிராமத்து மாணவர்க்குக் கற்பிக்கின்றன. இவர்கள் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் பொதுப் பாடநூல் வேறு, ஒரு குறிப்பிட்ட களஞ்சியத்தின் நிறுவும் தாள் வேறு. பின்னது களஞ்சியத்துக்குள்ளேயே நிரலின் பக்கத்தில் தமிழில் இருக்க வேண்டும். நிரல் மாறும் நாளில் தாளும் மாற வேண்டும். வேறிடத்தில் எழுதிவைத்த மொழிபெயர்ப்பு ஓராண்டில் பழங்கதையாகிவிடும். கட்டளைகளைத் தமிழாக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. யந்திரம் சொல்லும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதனை அப்படியே அச்சிட்டு, அதன் பொருளையும் பரிகாரத்தையும் தமிழிற் சொன்னால் போதும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசுவோர் மிகுதி. அம்மொழியிலும் ஒன்று எழுதப்பட்டால் நாம் மகிழ்வோம்.

சர்க்காருக்கும் இதில் கடமை உண்டு. 2015-ல் மத்திய சர்க்கார் தம் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை வெளியிட்டது. சர்க்கார் மென்பொருள்களின் மூலத்தைத் திறந்து வைக்கும் கொள்கையும் அவ்வாண்டினதே. 2020 மே 26-ஆம் தேதி 'ஆரோக்கிய சேது'வின் ஆண்ட்ராய்டு நிரல் வெளியிடப்பட்டபொழுது, களஞ்சியத்தில் வைத்ததும் கோடிக்கணக்கானோர் கைப்பேசியில் ஓடுவதும் ஒன்றுதானா என்று பலர் கேட்டனர். அது குதர்க்கமன்று. திறந்த நிரலைத் தாமே கட்டி ஒப்பிடும் வழி இருந்தாலன்றி அக்கேள்விக்கு எவரும் விடையளிக்க முடியாது. பொது ஜனங்களின் வரிப்பணத்தில் ஆக்கப்படும் மென்பொருளை ஒப்புக்கொள்ளுமுன், அதனை ஆக்குவதிற் பங்குகொள்ளாத ஒருவர் வெற்றுக் கணினியொன்றில் தாளை மாத்திரம் கொண்டு கட்டிக் காட்ட வேண்டும் என்று விதி செய்வதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போதும். தமிழ்நாடு சர்க்கார் 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. அதனைத் திறந்து பார்க்க மாணவனைத் தூண்டும் நான்கு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றுக்கு ஆகும் செலவு, அம்மடிக்கணினியின் பையினுடைய விலைகூட ஆகாது.

சர்க்கார் அசையுமளவும் காத்திருக்க வேண்டுமென்பதில்லை. வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. காட்பாடிப் பக்கத்தில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது, வாணியம்பாடியில் 1919 முதல் இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் நடக்கின்றன. இறுதியாண்டுத் திட்டமென்று ஆண்டுதோறும் மாணவர்கள் எழுதும் அறிக்கைகள் அலமாரியில் உறங்குவதை ஆசிரியர்களே அறிவர். அவற்றில் பத்தில் ஒன்றேனும், தோல் தொழிலுக்குப் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் நிறுவும் தாளைத் தமிழில் எழுதுவதாக இருக்கட்டும். தேர்வு முறையையும் நாம் சொல்லிவிடுகிறோம். தாளை எழுதிய மாணவர் ஒருபுறம் வாய்பேசாது அமர்ந்திருக்க வேண்டும். ஆம்பூர்ப் பட்டறைகளினின்று அழைத்துவந்த ஒருவர், புதிதாக இயங்குதளம் ஏற்றிய பழைய கணினியின் முன் உட்கார்ந்து, தாளில் உள்ளபடியே செய்ய வேண்டும். அவர் எங்கெங்கே நிற்கிறாரோ அங்கெல்லாம் மாணவர் பென்சிலால் ஒரு கோடிட்டுக்கொள்ளட்டும். மறுவாரம் திருத்திய தாளோடு வேறொருவரை அழைக்கட்டும். கோடுகள் தீர்ந்த நாளில் அத்தாளைக் களஞ்சியத்துக்கு அனுப்பி, அங்குள்ளோர் ஏற்றுக்கொண்டதும் மதிப்பெண் போடுக.